கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்: கிள்ளான் பள்ளத்தாக்கில் போதைச் சிகிச்சையும் மருந்தாளரும்

ஹெரோயினுக்கு மாற்றாக மெத்தடோன் எடுத்துக்கொள்பவரை டாக்டர் பார்ப்பது சில வாரங்களுக்கு ஒருமுறை. மருந்தாளர் பார்ப்பது, குறைந்தது முதல் சில மாதங்களுக்கு, தினமும். அளந்து ஊற்றிய சிரப்பை அவர் கண்முன்னே குடிக்க வேண்டும். அதன்மேல் ஒரு மடக்குத் தண்ணீர். பிறகு இரண்டு வார்த்தை பேச வேண்டும். வாயில் அடக்கிக்கொண்டு போய் வெளியே விற்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பேச்சு. காவலுக்காக ஏற்பட்ட வழக்கம். ஆனால் ஒருவர் தினமும் ஒரே ஆளிடம் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்தால், ஆறு மாதத்தில் அது காவலாக மட்டும் இருப்பதில்லை. வேலை போனது, மனைவி திரும்பி வந்தது, இரண்டு வாரமாக இருமல் நிற்காதது, நேற்று எங்கேயோ தூக்க மாத்திரை கிடைத்தது என எல்லாமே முதலில் எட்டுவது கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரின் காதுக்குத்தான்.

ஆரம்பச் சுகாதார நிலையிலேயே போதைக்குச் சிகிச்சை தரும்போது மருந்தாளர் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வி அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இப்போது சூடாக விவாதிக்கப்படுகிறது. மலேசியாவுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. இருபது ஆண்டுகளாக இங்கே அப்படியொரு கவுண்டர் நடக்கிறது. அதிலிருந்து என்ன கற்றோம், கற்றதை எங்கே பயன்படுத்தாமல் விட்டோம் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஹெரோயினுக்கு நாம் கட்டிய முறை நல்ல முறை. தமிழர் குடும்பங்களை அதைவிட அதிகமாகச் சிதைத்திருக்கும் மதுவுக்கு அந்த முறையை யாரும் எடுத்துச் செல்லவில்லை. எடுத்துச் செல்லத் தேவையான கவுண்டரோ ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் அந்த முறை வந்த கதை. 1983ஆம் ஆண்டின் போதைப்பித்தர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டம் பழக்கத்துக்கு அடிமையானவரைப் பிடித்து, சிறுநீர் சோதித்து, மறுவாழ்வு மையத்தில் அடைத்து வைப்பதையே சிகிச்சை என்று கொண்டது. 'புஸ்பென்' என்று எல்லாரும் சொல்லும் அந்த மையங்களிலிருந்து வெளியே வந்தவர்களில் பலர் சில வாரங்களிலேயே பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். இதற்கிடையே ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவியது. 2002இல் நாட்டில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 6,978 பேர். அதுதான் உச்சம். அவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டவர்கள். சட்டமும் பிரசங்கமும் செய்யாததை இந்த எண் செய்தது. 2005 அக்டோபரில் சுகாதார அமைச்சு 1,241 பேருடன் மெத்தடோன் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. 2006 தொடக்கத்தில் ஊசி மாற்றுத் திட்டமும் வந்தது. கோலாலம்பூரில் அது சௌகிட் வட்டாரத்தில், ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டிருந்த பி.டி. அறக்கட்டளையின் இக்லாஸ் மையத்தில் நடந்தது. இன்று புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் ஊசி வழி வருவது மிகச் சிறிய பங்குதான். மலேசியப் பொதுச் சுகாதாரத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று இது. இதைப் பற்றி நாம் பெருமைப்பட்டுக்கொள்வதே இல்லை என்பது வேறு கதை.

மெத்தடோனுக்கு முன்பே இன்னொரு மருந்து சந்தைக்கு வந்திருந்தது. 2000களின் தொடக்கத்தில் தனியார் கிளினிக்குகளில் புப்ரெனார்பின் கிடைக்க ஆரம்பித்தது. சப்யூடெக்ஸ் என்ற பெயர் பல தெருக்களில் இன்றும் நினைவில் இருக்கும். மருந்து நல்ல மருந்துதான். முவாரில் 126 பேரைக் கொண்டு நடத்தி 2008இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு, நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தையும் வெற்று மாத்திரையையும்விட அது தெளிவாக மேல் என்று காட்டியது. அது வழங்கப்பட்ட விதத்தில்தான் ஓட்டை. இந்த நாட்டில் தனியார் டாக்டரே மருந்தையும் விற்கிறார். எழுதுபவரும் கொடுப்பவரும் ஒரே ஆள். நோயாளி மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார், கண்முன்னே நாக்கின்கீழ் வைத்துக் கரைப்பதைப் பார்க்க யாரும் இல்லை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அந்த மாத்திரையைப் பொடித்து, சிலர் தூக்க மருந்தான மிடசோலமையும் சேர்த்து, ஊசியில் ஏற்றினார்கள். சிங்கப்பூர் 2006 ஆகஸ்டில் அதைத் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் ஆக்கிவிட்டது. மலேசியா அந்த அளவுக்குப் போகாமல், ஊசியில் ஏற்றினால் உடலை முறுக்கும் நலாக்ஸோன் கலந்த மாத்திரைக்கு மாறியது.

டாக்டர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு தனியார் டாக்டர் ஆலோசனைக்கு வாங்கக்கூடிய கட்டணம் நெடுங்காலம் 10 முதல் 35 ரிங்கிட் வரைதான் என்று சட்டம் கட்டி வைத்திருந்தது. வாடகையும் தாதியர் சம்பளமும் மருந்து விற்பனையிலிருந்துதான் வர வேண்டும். 2025 மே மாதம் மருந்து விலையைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது டாக்டர்கள் புத்ராஜெயாவில் திரண்டதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கே. மருந்து எழுதுவதையும் கொடுப்பதையும் பிரிக்க வேண்டும் என்று மருந்தாளர்கள் பல்லாண்டுகளாகக் கேட்டுவருகிறார்கள். வழக்கமாக இதை இரண்டு தொழில்களின் வருமானச் சண்டையாகவே பார்க்கிறோம். போதைச் சிகிச்சையில் இது வருமானத்தோடு முடிவதில்லை. இரண்டாவது ஜோடிக் கண்கள் இருக்கின்றனவா இல்லையா என்பதே அங்கே விஷயம்.

அரசுக் கிளினிக்குகளில் அந்த இரண்டாவது ஜோடிக் கண்கள் கிடைத்தது பாதி தற்செயல். 2004 முதல் மருந்தியல் பட்டதாரிகள் அரசுப் பணியில் கட்டாயச் சேவை செய்ய வேண்டும் என்று ஆனது. அதுவரை பல சிறிய கிளினிக்குகளில் உதவியாளர்களே பார்த்துவந்த மருந்தறைகளுக்குத் தகுதிபெற்ற இளம் மருந்தாளர்கள் வர ஆரம்பித்தார்கள். அடுத்த ஆண்டே மெத்தடோன் வந்தது. யாரும் திட்டமிட்டு இணைத்த மாதிரி தெரியவில்லை, இருந்தும் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன.

அந்த இளம் மருந்தாளர் உண்மையில் என்ன செய்கிறார்? சிரப்பை ஊற்றிக் கையெழுத்து வாங்குகிறார் என்று நினைத்தால் தவறு. மெத்தடோன் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் மருந்து. முதல் நாள் 20 அல்லது 30 மில்லிகிராம் கொடுத்தால் அது முழுதாக வெளியேறும் முன்பே அடுத்த நாளின் அளவு வந்து சேரும். ஐந்தாறு நாளில் இரத்தத்தில் இருப்பது முதல் நாளைப்போலப் பல மடங்கு. நோயாளிக்கோ இரண்டாம் நாளே "பத்தலை" என்று தோன்றும். அவசரப்பட்டு ஏற்றினால் மூன்றாம், நான்காம் நாள் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகும். மெத்தடோன் சிகிச்சையின் ஆபத்தான காலம் முதல் இரண்டு வாரம் என்று சொல்வது இதனால்தான். மறுபக்கம், பயந்துபோய் 30, 40இலேயே நிறுத்திவைத்தாலும் தோல்விதான். பெரும்பாலோருக்கு நிலைபெறும் அளவு 60 முதல் 120 மில்லிகிராம் வரை. குறைந்த அளவில் வைக்கப்பட்டவர் மாலையில் உடல் நடுங்கி, பழைய இடத்துக்குப் போய் ஒரு சின்னப் பொட்டலம் வாங்குவார். கிளினிக்கில் அவர் பெயர் 'ஒத்துழைக்காதவர்'. குறைத்துக் கொடுத்தது நாம், கெட்ட பெயர் அவருக்கு.

நாள் தவறினாலும் கணக்கு மாறும். பொதுவான வழிகாட்டுதலின்படி, தொடர்ந்து மூன்று நாள் வராதவருக்குப் பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது, டாக்டரிடம் பேசிக் குறைக்க வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் போனால் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டும். உடல் பழகிய அளவை இழந்துவிட்டிருக்கும். எத்தனை நாள் வரவில்லை என்ற கணக்கு கையில் இருப்பது மருந்தாளரிடம் மட்டும்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது மற்ற மருந்துகளோடு வரும் மோதல். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரலைத் தூண்டிவிட்டு மெத்தடோனை வேகமாக எரித்துவிடும். நெஞ்சக நோய்ப் பிரிவில் காசநோய் மாத்திரை தொடங்கிய ஒரு வாரத்தில், அதே மெத்தடோன் அளவில் நன்றாக இருந்தவருக்கு வியர்வை, வயிற்றுப்போக்கு, எலும்பு வலி. அவர் காசநோய் மாத்திரையைத்தான் குற்றவாளி என்று முடிவு செய்வார், அதை நிறுத்துவார். அப்படி நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோய் வர வழி திறக்கும். சில எச்.ஐ.வி. மருந்துகளும் இதையே செய்யும், எஃபாவிரென்ஸ் அவற்றில் ஒன்று. தலைகீழாகவும் நடக்கும். ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசினை நிறுத்தினால் தூண்டப்பட்ட கல்லீரல் இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வரும். ஏற்றி வைத்த மெத்தடோனை அப்போது இறக்காவிட்டால் அது அளவுமீறிப்போகும். காசநோய் டாக்டர் ஒரு கட்டடத்தில், மெத்தடோன் டாக்டர் இன்னொன்றில். இரண்டு மருந்துச் சீட்டும் ஒரே கையில் வந்து சேரும் இடம் ஒன்றுதான் இருக்கிறது. பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளுகோனசோல், சிப்ரோஃபிளாக்ஸசின், இதயத் துடிப்பின் தாளத்தைக் குலைக்கும் வேறு சில மருந்துகள் என்று இந்தப் பட்டியல் நீளும். போதைச் சிகிச்சையில் மருந்தாளருக்கு என்ன வேலை என்று கேட்பவரிடம் நான் முதலில் சொல்வது ரிஃபாம்பிசின் கதைதான்.

இந்தக் கவுண்டரை எங்கே வைப்பது என்பதிலும் மலேசியா துணிந்து யோசித்திருக்கிறது. கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்கு அதிக தூரமில்லாத, மலாயாப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் 2010இல் மெத்தடோன் கொடுக்க ஆரம்பித்தார்கள். பல்கலைக்கழகத்தின் போதை ஆய்வு மையத்தினர் இதற்குத் துணை நின்றார்கள். தொழுகைக்கு வருகிறவர் மருந்தும் வாங்கிச் செல்லலாம், கிளினிக் வரிசையில் நிற்கும் வெட்கம் இல்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அடுத்தடுத்த தெருவில் கோயிலும் தேவாலயமும் இருக்கின்றன. அன்னதானம் நடக்கும் மண்டபத்தின் ஓரத்தில் இதை ஏன் செய்யக் கூடாது என்று கேட்டால், 'கோயிலில் போதைப்பித்தரா?' என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். பள்ளிவாசல் குழுவில் அப்படிக் கேட்டவர்கள் இருந்திருக்க மாட்டார்களா?

வெளிநாட்டுச் சான்றுகள் என்ன சொல்கின்றன? ஹெரோயின் போன்ற ஓபியாய்ட் விஷயத்தில் அவை மருந்தாளருக்குச் சாதகம். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பயிற்சிபெற்ற மருந்தாளர்களே, டாக்டர்களோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின் கீழ், மருந்துக்கடையிலேயே புப்ரெனார்பின் தொடங்கினார்கள். 2023 ஜனவரியில் வெளியான முடிவு: நிலைபெற்றவர்களில் மருந்துக்கடையில் தொடர்ந்தவர்கள் ஒரு மாதம் கழித்தும் 89 விழுக்காட்டினர் சிகிச்சையில் இருந்தார்கள். வழக்கமான கிளினிக்குக்கு அனுப்பப்பட்டவர்களில் 17 விழுக்காட்டினர்தான். சிறிய ஆய்வு, தொடங்கியவர்கள் நூறு பேர், தொடர்ந்து பார்த்ததும் ஒரு மாதம்தான். இருந்தாலும் 89க்கும் 17க்கும் உள்ள தூரம் சின்னதில்லை. மருந்தாளருக்கு மந்திரக் கை இருப்பதால் வந்த வித்தியாசம் அல்ல அது. நடந்துபோகிற தூரத்தில் கடை, முன்பதிவு வேண்டாம், தெரிந்த முகம். பிரிட்டனில் தெருமுனை மருந்துக்கடைகளில் மெத்தடோனைக் கண்முன் குடிக்கவைப்பது பல பத்தாண்டுகளாக நடக்கும் சாதாரணச் சேவை. அதற்குக் கடைக்குக் கட்டணமும் உண்டு.

புகைபிடித்தலிலும் சான்று நல்லது. வட அயர்லாந்தையும் லண்டனையும் சேர்ந்த மருந்துக்கடைகளில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், மருந்தாளரின் முறையான ஆலோசனை பெற்றவர்களில் ஓராண்டுக்குப் பிறகும் புகைக்காமல் இருந்தவர்கள் 14.3 விழுக்காடு, வழக்கமான பேச்சோடு நின்றவர்களில் 2.7 விழுக்காடு. மலேசியாவில் புகைப்பதை விட உதவும் எம்குவிட் சேவை 2015இல் வந்தது. மருந்துக்கடைக்காரர்களும் பயிற்சி பெற்று அதில் சேரலாம். பெரியவர்களில் இன்னும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் புகைக்கிறார், ஆண்களில் அது மிக அதிகம்.

இங்கே ஒரு கசப்பான செய்தியைச் சொல்லாமல் போக முடியாது. வேப்பில் ஊற்றும் திரவ நிக்கோடின் 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருந்தவரை, அதைச் சட்டப்படி கொடுக்கக்கூடியவர்கள் டாக்டரும் மருந்தாளரும்தான். 2023 மார்ச் 31ஆம் தேதி, வரி விதிப்பதற்காக, அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நச்சுப்பொருள் வாரியம் எதிர்த்தும் அமைச்சர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தினார். புதிய புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது 2024 அக்டோபர் 1இல். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு, பள்ளிப் பிள்ளைக்கும் வேப் விற்பதைத் தடுக்கும் தேசியச் சட்டம் இல்லை. மருந்தாளருக்குப் போதைச் சிகிச்சையில் பங்கு வேண்டும் என்று மேடையில் பேசும் நாடு, அவர் கையில் இருந்த ஒரு பூட்டை ஒரே கையெழுத்தில் கழற்றியது.

மதுவுக்கு வருவோம். சான்று தடுமாறும் இடம் இதுதான், அதையும் மறைக்க வேண்டாம். லண்டனில் 16 மருந்துக்கடைகளில் 407 பேரிடம் மருந்தாளர்கள் குடி பற்றிச் சிறிது நேரம் பேசிப் பார்த்தார்கள். 2015இல் வந்த முடிவில் ஆலோசனை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. மருந்தாளரால் எல்லாம் முடியும் என்று எழுதும் ஆர்வலர்கள் இந்த ஆய்வைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. கடைக்கு வேறெதற்கோ வந்த ஒருவரை நிறுத்தி, 'நீங்கள் எவ்வளவு குடிக்கிறீர்கள்?' என்று கேட்டால் அவர் ஏன் கேட்கப்போகிறார்? கேள்வி அவர் கையிலிருக்கும் மாத்திரையோடு ஒட்டவில்லை. பிரிட்டன் ஆய்வாளர்களே பிறகு வழியை மாற்றினார்கள். மதுவையும் ஒரு மருந்தாகப் பாவித்து, நோயாளியின் மற்ற மருந்துகளைச் சரிபார்க்கும்போது அதையும் சேர்த்துப் பேசுவது என்று.

கிள்ளானில் இதற்கான இடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது: நீரிழிவுக் கவுண்டர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் நீரிழிவு உள்ளவர்கள் 18.3 விழுக்காடு, இந்தியர்களில் மட்டும் 31.4. குடிக்கும் வயதில் இருக்கும் தமிழர்களில் பலர் ஏற்கெனவே மாதாமாதம் ஓர் அரசு மருந்தாளரைச் சந்திக்கிறார்கள் என்பது இதன் பொருள். கிள்ளானின் பண்டமாரான் அல்லது அனிகா அரசுக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்க்கிறவருக்குச் சீட்டு பல மாதத்துக்கு. மருந்து மட்டும் மாதத்துக்கு ஒருமுறை. டாக்டரைவிட மருந்தாளரைத்தான் அவர் அதிகம் பார்க்கிறார், மெத்தடோன்காரரைப் போலவே.

அங்கே கேள்வி தானாகவே ஒட்டும். சாப்பிடாமல் இரண்டு போத்தல் ஏற்றிக்கொண்டு, அதற்கு முன் நீரிழிவு மாத்திரையான கிளிக்ளஸைடும் போட்டவருக்கு நள்ளிரவில் சர்க்கரை சரசரவென்று இறங்கும். குழறல், தள்ளாட்டம், மயக்கம். 'நல்லாப் போட்டுட்டான், படுக்கட்டும்' என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். காலையில் எழுந்திருக்க மாட்டார். மெட்ஃபார்மினும் அதிகக் குடியும் சேர்ந்தால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறலாம். 'அண்ணே, இந்த மாத்திரை போடுற அன்னைக்குத் தண்ணி சாப்பிட்டா என்ன ஆகும்னு தெரியுமா?' என்று கேட்பதில் குற்றம்சாட்டல் இல்லை. மருந்தைப் பற்றிய பேச்சு அது. அதற்குப் பதில் வந்தால், குடி பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விக் கணக்கெடுப்புக்குப் போகலாம், டாக்டரிடம் கூட்டிப் போகலாம்.

கிள்ளானுக்கு இந்தப் பிரச்சினை நேற்று முளைத்ததல்ல. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளம், தோட்டத் துரைக்கு முன் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டிய அவமானம் ஆகியவற்றோடு, தோட்டங்களில் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை செய்தவர். அவரை நாடு கடத்தினார்கள். பிறகு தோட்டங்கள் போய், அடுக்குமாடி வந்து, கள்ளின் இடத்தில் சம்சு என்ற மலிவான சாராயம் உட்கார்ந்தது. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் கலப்பட மதுவில் இருந்த மெத்தனால் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள். முன்பு தமிழர் நின்ற இடத்தில் இப்போது வேறு ஏழைகள் நிற்கிறார்கள்.

குடிக்குச் சிகிச்சையில் மருந்தாளருக்குத் தெரிய வேண்டியவற்றில் இரண்டைச் சொல்கிறேன். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து என்று தமிழ்நாட்டுச் சுவரொட்டிகளில் நெடுங்காலம் விளம்பரம் வந்தது. மனம் வெறுத்துப்போன மனைவியோ தாயோ இப்படி எதையாவது தேடி வாங்கிக் கலப்பது இங்கேயும் நடக்கக்கூடியதே. டைசல்ஃபிராம் அப்படிப்பட்ட ஒன்று. சாப்பிட்டவர் அறியாமல் மது அருந்தினால் முகம் சிவந்து, இரத்த அழுத்தம் விழுந்து, பலவீனமான இதயம் என்றால் உயிரே போகலாம். கடைக்கு வந்து தயங்கித் தயங்கி விசாரிக்கும் அம்மாளைத் திட்டி அனுப்பாமல் உட்காரவைத்துப் பேசக்கூடியவர் மருந்தாளர்தான்.

இன்னொன்று விரதம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, நாள்தோறும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்திவிடுவார். ஊரே பாராட்டும். ஆனால் கடுமையான குடிப் பழக்கத்தைச் சடக்கென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், நினைவு தப்பி எதையெதையோ பார்க்கலாம், சிலர் இறக்கவும் செய்கிறார்கள். ஹெரோயினை நிறுத்தினால் படும் வேதனை பெரிது, உயிர் போவது அரிது. மதுவில் அப்படிச் சொல்ல முடியாது. பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. வேறெந்த மருந்தும் தராத உறுதியை அந்த வேண்டுதல் தருகிறது. தைப்பூசத்துக்கு ஒரு மாதம் முன்பே நீரிழிவுக் கவுண்டரில் 'இந்த வருஷம் காவடி உண்டா அண்ணே?' என்று ஒரு கேள்வி விழுந்தால், தயமின் மாத்திரையோடும் டாக்டரின் மேற்பார்வையோடும் படிப்படியாக நிறுத்த வழி இருக்கும். நாட்காட்டியையே சிகிச்சைத் திட்டமாக்கலாம்.

இதையெல்லாம் எது தடுக்கிறது? மருந்து எழுதும் அதிகாரம் மருந்தாளருக்கு இல்லாததுதான் தடை என்று அமெரிக்கக் கட்டுரைகள் சொல்கின்றன. இங்கே அது முதல் தடையல்ல என்று நினைக்கிறேன். டாக்டர் அடுத்த அறையில் இருக்கிறார். அதிகாரத்தைவிட அவசரமாக வேண்டியவை நேரமும் கதவும். மெத்தடோன் வரிசையும் இருமல் மருந்து வரிசையும் ஒரே கண்ணாடிச் சன்னல் முன் நின்றால் யார் எதைப் பேசுவார்கள்? அடுத்தது ஆள் மாற்றம். 2016க்குப் பிறகு சேர்ந்த இளம் மருந்தாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். தினமும் பார்த்துப் பழகிய முகம் என்பதே இந்தச் சிகிச்சையின் மூலதனம் என்றால், ஒப்பந்தம் முடிந்து அந்த முகம் போகும்போது மூலதனமும் போகிறது. தமிழ் பேசும் மருந்தாளர் ஒருவர் பணியிலிருக்கும் கிளினிக்கில் வயதான ஐயா ஒருவர் மனம் திறப்பதையும், அவர் மாற்றலாகிப் போன மறுமாதம் அதே ஐயா தலையசைப்போடு மருந்தை வாங்கிக்கொண்டு நகர்வதையும் மருந்தாளர் நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மூன்றாவது தடை, விநோதமாக, ஒரு முன்னேற்றம். தபாலில் மருந்து, காரிலிருந்து இறங்காமலே வாங்கிப் போகும் சன்னல், பூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லும் முறை எல்லாம் கூட்டத்தைக் குறைக்கின்றன, வேலைக்குப் போகிறவருக்கு அரைநாள் மிச்சம். பெரும்பாலோருக்கு அது நல்லதே. ஆனால் மாதம் ஒருமுறை நடந்துகொண்டிருந்த சந்திப்பு அதோடு போய்விடுகிறது. கைநடுக்கமும் வாயில் வாடையும் தபாலில் தெரியாது. நீரிழிவும் குடியும் சேர்ந்தவருக்காவது அந்தச் சந்திப்பை விட்டுவைக்க வேண்டும்.

மெத்தம்ஃபெடமின் இதையெல்லாம் இன்னும் சிக்கலாக்குகிறது. இன்று மலேசியாவில் பதிவாகும் போதைப் பயனர்களில் பெரும்பான்மையினர் எடுப்பது ஹெரோயின் அல்ல. மெத்தம்ஃபெடமின் வகைகளான சாபுவும் குதிரை மாத்திரையும்தான். அதற்கு மெத்தடோன் மாதிரி ஒரு மாற்று மருந்து உலகில் எங்கும் இல்லை. சோதனையில் சுத்தமாக இருந்தால் சிறு பரிசுச் சீட்டு கொடுக்கும் முறைக்குத்தான் இதுவரை வலுவான சான்று. கொடுக்க மருந்தே இல்லாத நோய்க்கு மருந்தாளர் எதற்கு என்று கேட்கலாம். மெத்தடோன் எடுப்பவர்களில் பலர் சாபுவும் எடுக்கிறார்கள் என்பதே போதுமான பதில். அவர்கள் ஏற்கெனவே தினமும் வருகிறார்கள். பரிசுச் சீட்டுக்கு மட்டும் தனியாக வேறொரு கட்டடத்துக்கு அனுப்பத் தேவையில்லை.

கடைசியாகக் காசு. மெத்தடோன் கவுண்டர் பெரும்பாலும் அரசுக் கிளினிக்கில், அலுவலக நேரத்தில். காலை ஏழு மணிக்குக் கிள்ளான் துறைமுகத்தில் சுமை இறக்க நிற்க வேண்டியவருக்கு அது வேலையா மருந்தா என்ற கேள்வி. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா பக்கத்திலும் தனியார் மருந்துக்கடைகள் இரவு ஒன்பது, பத்து மணிவரை திறந்திருக்கின்றன. தகுதிபெற்ற மருந்தாளரும் அங்கே இருக்கிறார். நிலைபெற்ற நோயாளிகளை அங்கே அனுப்பலாம், அர்-ரஹ்மான் பள்ளிவாசலில் செய்ததைவிட இது சுலபம். ஆனால் கண்முன் குடிக்கவைத்து, கணக்கு எழுதி, வராதவரைத் தேடும் ஒரு கடைக்காரருக்கு அதனால் கிடைப்பது என்ன? சோப்பும் சத்து மாவும் விற்கும் நேரத்தில் அவர் இதைச் செய்ய வேண்டும். பிரிட்டன் ஒவ்வொரு வேளைக்கும் கட்டணம் கொடுத்து இதைத் தீர்த்தது. இங்கே ஒரு டாக்டரின் ஆலோசனைக்கே பல்லாண்டுகள் 35 ரிங்கிட்டைத் தாண்ட விடவில்லை. மருந்தாளரின் ஆலோசனைக்கு விலைப்பட்டியலில் ஒரு வரியே கிடையாது, அந்த வரியை எழுத வேண்டியது சுகாதார அமைச்சின் வேலை.